தெருமுனை மரத்தை வெட்டிவிட்டால் பறவைகள் வேறு மரத்துக்குப் போய்விடாதா?

பல காலமாக நின்ற பெரிய மரத்தை வெட்டிவிட்டார்கள், பதிலுக்குப் பத்து கன்றுகள் நடப்போகிறார்கள், அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. பறவைகளும் நாம் நினைப்பது போல அப்படியே இடம் மாறிவிடுவதில்லை.

புறா மாதிரி கட்டடங்களில் ஒண்டிக்கொள்பவை சமாளித்துவிடும். மற்றவை போக வேண்டுமென்றால் பக்கத்து மரத்தில் இடம் காலியாக இருக்க வேண்டுமே! கூடு கட்டும் காலத்தில் பல பறவைகள் தமக்கென ஓர் எல்லை வைத்துக்கொண்டு, தம் இனத்தைச் சேர்ந்த வேறு சோடியை உள்ளே விடாமல் விரட்டும். நல்ல மரங்கள் ஏற்கனவே நிரம்பித்தான் இருக்கும். வெட்டும் நேரத்தில் கூட்டில் முட்டையோ கண் திறக்காத குஞ்சோ இருந்தால், அதை எடுத்துக்கொண்டு போகவும் வழியில்லை.

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது பொந்துகள்தான். மரங்கொத்தியும், குக்குறுவான் என்ற சிறு பச்சைப் பறவையும் தாமே பொந்து குடைபவை. குக்குறுவான் பெரும்பாலும் பட்டுப்போன, உளுத்த கிளையைத்தான் தேடும். கிளையின் அடிப்பக்கத்தில் வட்டமாக வாசல் வைக்கும், மழை உள்ளே இறங்காது. இப்படிக் குடைந்தவை விட்டுப்போன பொந்துகளையும், மரம் உளுத்துத் தானாக விழுந்த பொந்துகளையும் பெரிதும் நம்பித்தான் மைனா, கிளி, புள்ளி ஆந்தை, குண்டுக்கரிச்சான் எல்லாம் வாழ்கின்றன. இவற்றால் மரத்தைப் புதிதாகக் குடைய முடியாது. கிளி வேண்டுமானால் இருக்கிற ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆக ஒரு பட்ட கிளையில் வருடாவருடம் வெவ்வேறு குடும்பங்கள் குடியேறி வளர்ந்து போகின்றன. நாம் முதலில் வெட்டச் சொல்வதும் அந்தக் கிளையைத்தான், பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

நான் வசிக்கும் தெருவிலும் இது நடந்தது. கிளை போன பிறகு ஒரு குக்குறுவான் சோடி அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து, மின்கம்பியில் உட்கார்ந்து, மறுபடி பறந்து போனதைப் பார்த்தேன். அலகில் பழம் இருந்தது. உள்ளே குஞ்சுகள் இருந்திருக்க வேண்டும். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, கன்றுகள் விஷயத்துக்கு வருகிறேன். கன்று நடுவது நல்ல காரியம், நடட்டும். ஆனால் அதில் பொந்து விழ வேண்டுமென்றால் கிளை முறிய வேண்டும், அந்தக் காயத்தில் பூஞ்சை இறங்க வேண்டும், உள்கட்டை மெல்ல உளுக்க வேண்டும். இதற்கெல்லாம் பல பத்தாண்டுகள் ஆகும். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்களில் பெரிய பறவைகள் நுழையும் அளவுக்குப் பொந்து உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மரப்பெட்டி மாட்டலாமே என்பார்கள். சில இனங்களுக்கு அது உதவும். ஆனால் மெல்லிய பலகை வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும். தடித்த உயிருள்ள மரம் தரும் குளுமை அதில் வராது.

சாப்பாடும் போகிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். வட அமெரிக்காவில் சிக்கடி என்றொரு சின்னஞ்சிறு பறவை உண்டு. ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட அதற்கு 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்கள் வரை தேவைப்படுகின்றன. இத்தனை புழுவை இரண்டடி உயரக் கன்று எப்படித் தரும்? அதே கண்டத்தில் 1970-க்குப் பிறகு சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. வாழிடம் குறைந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். என்னைக் கலங்கவைத்தது, அவற்றில் பெரும்பகுதி அரிய பறவைகள் அல்ல, எல்லோரும் தினம் பார்க்கும் சாதாரணக் குருவி இனங்கள் என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரம் திடீரென்று ஆபத்தானதாக மாறுவது குறைவு, பெரும்பாலும் நாம்தான் மாற்றுகிறோம். உணவையும் நீரையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, கிளை விரிப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போடுகிறோம், குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி வேரை அறுக்கிறோம். அப்புறம் காற்றில் ஆடுகிறது, விழுந்துவிடும் என்று வெட்டுகிறோம்.

அதனால், இன்னும் நிற்கிற மரங்களைக் காப்பாற்றுவதில் உங்கள் சக்தியைச் செலவிடுங்கள். அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமெண்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள். யாராவது வெட்ட வந்தால் முழு மரமும் போக வேண்டுமா, ஒரு கிளையின் பாரத்தைக் குறைத்தால் போதாதா என்று கேளுங்கள். பட்ட கிளைக்குக் கீழே ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம். வெட்டியே ஆக வேண்டுமென்றால் முந்தைய நாட்களில் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அலகில் இரையோடு ஒரு பறவை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறதா? அப்படியானால் குஞ்சு இருக்கிறது. பெரும்பாலான சிறு பறவைகளின் குஞ்சுகள் சில வாரங்களில் பறந்துவிடும், அதுவரை வேலையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள்.