செப்புத் தகட்டில் ஓர் இரவு

அன்புள்ள சார்,

ஜெர்மன் ஓவியர் ஆடம் எல்ஸ்ஹைமர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லல்’ ஓவியத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். திரை முழுக்க விரிந்த இரவு. அப்புறம் அளவைப் பார்த்தால் 31-க்கு 41 செ.மீ., அதுவும் செப்புத் தகட்டில்! நிலக்காட்சி என்றால் விரிவு வேண்டாமா? பணக்காரர் வீட்டு அலமாரிக்குச் செய்த அலங்காரப் பொருள்தானோ என்று தோன்றுகிறது. எல்ஸ்ஹைமரைச் சோம்பேறி என்று பெரும் ஓவியரான ரூபன்ஸே சொன்னதாகவும் படித்தேன். உண்மையா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அலமாரிக்குப் போனது உண்மைதான். 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமிலும் ஆன்ட்வெர்ப்பிலும் சிறிய செப்போவியங்களுக்குப் பெரிய கிராக்கி இருந்தது. பால் பிரில், யான் ப்ரூகல் போன்ற ஓவியர்களும் செம்பில் நிலக்காட்சிகள் வரைந்தார்கள். ஆனால் வாங்கியவரின் ஆசையை வைத்து வரைந்தவரின் நோக்கத்தை எடைபோடக் கூடாது.

முதலில் தகட்டைப் பார்ப்போம். துணியில் இழை உண்டு, மரப்பலகையில் ரேகை உண்டு. மெல்லிய தூரிகை நுனி இரண்டிலும் தட்டுப்படும். செம்பில் அந்தத் தொல்லை இல்லை. நுரைக்கல்லால் தேய்த்துச் சற்றே சொரசொரப்பாக்குவார்கள். வண்ணம் பிடித்துக்கொள்ளப் பூண்டு தேய்ப்பதும் உண்டு. அதன்மேல் ஈய வெள்ளை கலந்த எண்ணெய்ப் பூச்சு, மிக மெல்லிதாக. செம்பு எண்ணெயை உறிஞ்சாது என்பதுதான் இங்கே முக்கியம். எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால் கருமை மங்கி வறண்டு தெரியும். செம்பின்மேல் அது ஆழமும் பளபளப்புமாகவே நிற்கிறது. இரவை வரைகிறவருக்கு வேறென்ன வேண்டும்? தகடு வளைந்தாலோ நசுங்கினாலோ வண்ணம் உதிரும், அது ஒன்றுதான் பயம்.

இப்போது படத்துக்கு வருவோம். 1609-இல் ரோமில் வரையப்பட்டது, இன்று மியூனிக்கின் ஆல்டே பினகோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலப்பக்கம் முழுநிலவு, கீழே நீரில் அதன் பிம்பம். நடுவில் பைபிள் கதையில் வரும் மரியாளும் குழந்தை இயேசுவும். மரியாளின் கணவர் யோசேப்பின் கையில் ஒரு தீப்பந்தம். இடப்பக்கம் இடையர்கள் மூட்டிய நெருப்பு. ஒவ்வொரு ஒளியும் எட்டும் தூரம் வேறு, நிறமும் வேறு. இருண்ட மரங்களுக்கு மேலே சாய்வாகப் பால்வீதி போகிறது. அதை வெறும் வெண்புகையாகத் தீட்டாமல் எண்ணற்ற புள்ளிகளாக வைத்திருக்கிறார். பால்வீதி விண்மீன்களின் கூட்டம் என்று தொலைநோக்கியில் கண்டதைக் கலிலியோ அச்சிட்டது 1610 மார்ச்சில்தான். எல்ஸ்ஹைமரும் தொலைநோக்கியில் பார்த்திருப்பாரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அது இரண்டாம்பட்சம். இத்தனை பிரகாசமான நிலவு இருக்கும் வானில் பால்வீதி இப்படித் தெரியவே தெரியாது. பல இரவுகளில் கண்டதை ஒரே வானில் சேர்த்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

விரிவு எங்கே என்று கேட்டீர்கள். ஏ3 தாள் அளவேயுள்ள படத்தைக் கிட்டத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது அந்தக் குடும்பம் எவ்வளவு சிறியது, மரங்களும் வானமும் எவ்வளவு பெரியவை என்பது உறைக்கும். தகட்டின் அளவை நான் அப்போது மறந்துவிடுகிறேன். சுவரளவு நிலக்காட்சிகள் பலவற்றில் எனக்கு இது நடந்ததில்லை.

ரூபன்ஸ் சொன்னது உண்மை. எல்ஸ்ஹைமர் 1610 டிசம்பரில் இறந்தார், வயது 32. அடுத்த மாதமே ரோமிலிருந்த மருத்துவர் யோஹான் ஃபாபருக்கு ரூபன்ஸ் எழுதிய கடிதத்தில், சிறிய உருவங்களிலும் நிலக்காட்சியிலும் அவருக்கு நிகர் இல்லை என்று மனம் உடைந்து சொல்கிறார். சோம்பல் என்ற பாவத்தைக் கடவுள் மன்னிக்கட்டும் என்றும் வேண்டுகிறார். நண்பர் என்ற உரிமையில் வந்த கோபம் அது. ஆனாலும் எனக்கு ஏற்பில்லை. பெரிய பட்டறை வைத்துப் பலரைக்கொண்டு வேலை வாங்கியவர் ரூபன்ஸ். அந்தக் கணக்கில் எல்ஸ்ஹைமரை அளக்க முடியாது. இப்படிப் புள்ளி புள்ளியாக ஒரு வானத்தை வைக்கிறவர் மெதுவாகத்தான் வேலை செய்வார். அதே கடிதத்தில் இந்தச் செப்போவியத்தின் விலை 300 ஸ்கூடோ (அன்றைய இத்தாலிய நாணயம்), அது அதிகம் என்று கவலைப்படுகிற ரூபன்ஸ், எல்ஸ்ஹைமரின் விதவை அதைத் தன் ஊரான ஆன்ட்வெர்ப்புக்கே அனுப்பட்டும், சிறிய படங்களை விரும்புவோர் இங்கே ஏராளம் என்றும் யோசனை சொல்கிறார்.

நேரம் கிடைத்தால் செதுக்கோவியர் ஹெண்ட்ரிக் ஹௌட் 1613-இல் இதையே செதுக்கி அச்சிட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள். அப்புறம் ரெம்ப்ராண்ட் 1647-இல் வரைந்த, டப்ளினில் உள்ள இரவு நிலக்காட்சி. இந்தக் குடும்பமும் நெருப்பும் நீரில் விழும் ஒளியும் அங்கே எப்படி மாறியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.