மகளிர் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் உடனே முன்ஜாமீனா?

கேள்வி: என் அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம். அண்ணி மூன்று மாதமாகப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறார். போன வாரம் அங்குள்ள மகளிர் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. அண்ணன், 67 வயது அப்பா, அம்மா, கோவையில் கணவரோடு தனியாக வசிக்கும் நான் என நாலு பேர் மீதும் வரதட்சணைக் கொடுமைப் புகாராம். 60 பவுன் நகையை நாங்கள் வைத்துக்கொண்டோம் என்றும் எழுதியிருக்கிறார்களாம். அதில் பாதி அண்ணனுடைய பேங்க் லாக்கரில் இருப்பது உண்மை. உடனே முன்ஜாமீன் போடு என்கிறார்கள். போடவேண்டுமா, எங்கே போடுவது?

பதில்: முதலில், பதிவாகியிருப்பது எஃப்.ஐ.ஆரா (முதல் தகவல் அறிக்கை), புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு மகளிர் காவல் நிலையங்களில் குடும்பப் புகார் வந்ததும் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். போட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கணவன் மனைவி தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013-ல் லலிதா குமாரி தீர்ப்பு இடம் கொடுத்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173(3)-வது பிரிவும் இத்தகைய குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் விசாரித்துப் பார்க்கலாம் என்கிறது. எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதா என்பதை மாவட்டம், நிலையம், ஆண்டு கொடுத்துத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடலாம். அங்கே கிடைக்கவில்லை என்றால் சம்பந்தப்பட்ட குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம்.

எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் முன்ஜாமீன் கேட்கலாம். 1980-ல் குர்பக்‌ஷ் சிங் சிபியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் நடைமுறையில், அரசு வழக்கறிஞர் எழுந்து "மனு விசாரணைதான் நடக்கிறது, வழக்குப் பதியவில்லை" என்றதும் மனு முடித்துவைக்கப்படும். செலவும் ஒரு வாரமும் போனதுதான் மிச்சம். எனவே சி.எஸ்.ஆர். கட்டத்தில் மனுவைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போவதே என் யோசனை. போகும்போது பதிலை இரண்டு பக்கத்துக்குள் எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். "60 பவுனையும் இன்ன தேதிக்குள் ஒப்படைக்கிறோம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஸ்டேஷன் நெருக்கடியில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு தாள்தான் பிறகு ஜாமீன் விசாரணையில் உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படும். உண்மையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் பிரிவுகளைப் படியுங்கள். கொடுமைக்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 85-வது பிரிவு, சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ. இரண்டிலும் அதிகபட்சம் மூன்று வருடச் சிறை. நகைக்கு நம்பிக்கை மோசடி, பி.என்.எஸ். 316(2), ஐந்து வருடம் வரை. வரதட்சணை கேட்டதற்கு 1961-ம் வருட வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, இரண்டு வருடம் வரை. இவை ஜாமீனில் விடமுடியாத குற்றங்கள் என்பதால் கண்டிப்பாகக் கைது என்று நினைத்துப் பதறுகிறார்கள். அப்படியில்லை. ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்று காரணம் எழுதாமல் பிடிக்கக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னது. அதுவே ஒரு 498ஏ வழக்கில் வந்ததுதான். கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன்கீழ் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதன்படி போய் ஒத்துழைத்தால், புதிதாகக் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாவிட்டால், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் செல்லாது என்று கேள்விப்பட்டு அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் இந்த நோட்டீஸை அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது வாஸ்தவம். ஆனாலும் "எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுங்கள், வருகிறோம்" என்று பதிவுத் தபாலில் பதில் போட்டுவிடுங்கள். ஓடி ஒளிகிறார்கள் என்று எழுத இடம் கொடுக்கக் கூடாது. மற்றொன்று, அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டதே, டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. பி.என்.எஸ்.எஸ். 35(7)-ல் அந்தப் பாதுகாப்பு மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களுக்குத்தான். 85-வது பிரிவுக்கு மூன்று வருடம் "வரை" என்பதால் அது இங்கே கைகொடுக்காது.

அப்படியானால் முன்ஜாமீன் எப்போது அவசியம்? எஃப்.ஐ.ஆர். இருந்து 35(3) நோட்டீஸ் வராதபோது. காயம், ஆயுதம், கட்டாயக் கருக்கலைப்பு, பாலியல் புகார் என்று பெரிய பிரிவுகள் சேர்ந்திருக்கும்போது. நகை மோசடிப் பிரிவோடு "பறிமுதல் செய்ய வேண்டும்" என்று போலீஸ் பேசும்போது. மரணம் நடந்த வழக்கு முற்றிலும் வேறு. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் என்றால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். வரதட்சணை மரணத்துக்கான பி.என்.எஸ். 80-ல் குறைந்தபட்சமே ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். அதில் நோட்டீஸை நம்பி இருக்க முடியாது. நேர்மாறாக, குடும்ப வன்முறைச் சட்டத்தில் நடுவர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்ததற்கெல்லாம் முன்ஜாமீன் தேடி ஓடுகிறவர்களும் உண்டு. அந்த மனுவில் கைதே கிடையாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம்.

எங்கே போடுவது என்றால், திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்தில், பி.என்.எஸ்.எஸ். 482-ன்கீழ். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. கொடுமை நடந்தது பெங்களூரில்தானே, பாளையங்கோட்டையில் எப்படி வழக்கு என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மனைவி அடைக்கலம் புகுந்த ஊரிலும் வழக்குப் போடலாம் என்பது 2019-ல் ரூபாலி தேவி தீர்ப்போடு முடிந்துபோன விஷயம். அண்ணனுக்குப் பெங்களூரிலேயே தற்காலிக முன்ஜாமீன் வாங்கலாமா என்றால், 2023-ல் பிரியா இந்தோரியா வழக்கு அதற்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் உரிய நீதிமன்றத்தை உடனே அணுக முடியாத நிலையைக் காட்ட வேண்டும். ஒரு ராத்திரிப் பயணத் தூரத்துக்கு அது தேவையில்லை. வக்காலத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்; மனு விசாரணைக்கு வழக்கமாக நேரில் நிற்க வேண்டியதில்லை. மனு நிலுவையில் இருப்பதே கைதைத் தடுக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். இடைக்கால உத்தரவு கேட்டு வாங்கினால்தான் தடை.

மனுவில் நாலு பேரையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதினால் கெட்டது. எஃப்.ஐ.ஆரில் யார் மீது என்ன சம்பவம், எந்தத் தேதி என்று பிரித்துப் பார்த்து ஆளுக்கொரு பத்தி எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குக் கோவை முகவரியுள்ள ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம். அப்பா அம்மாவுக்கு மருத்துவச் சான்று, தனியாக வசிப்பதற்கான ஆதாரம். குறிப்பான சம்பவம் எதுவும் இல்லாமல் உறவினர்களைப் பொத்தாம்பொதுவாகச் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2022-ல் கஹ்கஷான் கௌசர் வழக்கிலும், 2024 டிசம்பரில் தாரா லட்சுமி நாராயணா வழக்கிலும் கண்டித்திருக்கிறது. நாத்தனாருக்கு அது வலுவான வாதம். கணவருக்கு அவ்வளவு உதவாது. அண்ணன் மீது கடுமையான சம்பவங்கள் இருந்தால் அவர் மனுவைத் தனியாகப் போடுவதே நல்லது. இல்லையென்றால் உங்கள் மூவருடைய மனுவும் அவரோடு சேர்ந்து தள்ளிப்போகும். "பொய் வழக்கு" என்று வரிக்கு வரி எழுதுவதும், அண்ணியின் நடத்தையைப் பற்றி எழுதுவதும் வேண்டாம். ஜாமீன் விசாரணையில் அதைத் தீர்மானிக்கப் போவதில்லை. எதிர்த்தரப்பு இடையீட்டு மனு போட்டு அந்த வரிகளையே வாசித்துக் காட்டும்.

உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப் போவது அந்த லாக்கர்தான். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய தனிச்சொத்து என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கையில் இருப்பதைத் தராமல் முன்ஜாமீன் கேட்டால் எந்த நீதிபதிக்கும் அது உறுத்தும். இப்போதைக்கு லாக்கரைத் திறக்காதீர்கள். யார் எந்தத் தேதியில் திறந்தார்கள் என்பது வங்கியின் பதிவேட்டில் இருக்கும்; புகாருக்குப் பிறகு அண்ணன் மட்டும் போய்த் திறந்த ஒரு வரி போதும், சிக்கல் பெரிதாக. வழக்கறிஞர் மூலம் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, சாட்சிகள் முன்னிலையில் திறந்து, நகை மதிப்பீட்டாளரை வைத்து எடை போடுங்கள். ஒரு பவுன் எட்டு கிராம். 60 பவுன் என்றால் 480 கிராம். கல் வைத்த ஆரம், நெக்லஸுக்கு மொத்த எடை, கல் நீக்கிய நிகர எடை இரண்டையும் குறியுங்கள். இல்லையென்றால் ஒப்படைக்கும் நாளில் நாலு பவுன் குறைகிறது என்று புதுச் சண்டை கிளம்பும். ஒவ்வொரு உருப்படியையும் படம் எடுத்து, பட்டியலில் இரு தரப்புக் கையெழுத்தோடு நிலையத்திலோ நீதிமன்றத்திலோ கொடுங்கள். ஊர்ப் பெரியவர் கையில் கொடுத்தனுப்பினேன் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. மீதி 30 பவுன் அண்ணியின் பெயரிலேயே அடகு வைத்த கடனாக இருந்தால் அந்த ரசீதுகளைத் தேடி எடுங்கள். கல்யாணத்தின்போது சீர்ப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று 1985-லிருந்தே விதி இருக்கிறது. எழுதுகிற குடும்பத்தைப் பார்ப்பதுதான் அரிது.

இல்லாத நகைக்கும் பணம் கட்டினால்தான் ஜாமீன் என்று எதிர்த்தரப்பு நின்றால், ஜாமீன் விசாரணை பணவசூலுக்கான இடமல்ல என்று 2023-ல் பிம்லா திவாரி வழக்கில் சொன்னதைக் காட்டலாம். மனைவியின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றுவேன் என்று உறுதிமொழி கேட்பது போன்ற நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளை 2024 ஆகஸ்டில் சுதீப் சாட்டர்ஜி வழக்கு ரத்து செய்தது.

உத்தரவு கிடைத்த அன்றே முழுவதும் படியுங்கள். வழக்கமாக 15 நாளுக்குள் குற்றவியல் நடுவர் முன் ஆஜராகி, ரூ.10,000-க்குச் சொந்தப் பிணையும் அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் கொடுக்கச் சொல்லியிருக்கும். தவறினால் மனு தள்ளுபடியானதாகவே கருதப்படும் என்றும் அதே பத்தியில் இருக்கும். அந்த 15 நாளைக் கோட்டைவிட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் அநேகம். ஜாமீன்தாரர்களின் ஆதார், புகைப்படம், வீட்டுவரி ரசீது இவற்றை முன்கூட்டியே சேகரியுங்கள். தினமும் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனை பெங்களூரில் வேலை பார்க்கிறவருக்கு ஒத்துவராது. அதை விசாரணையின்போதே சொல்லி, அழைக்கும்போது ஆஜராவதாகக் கேளுங்கள். பிறகு நிபந்தனைத் தளர்வு மனு போட்டு அலைவதைவிட அது சுலபம். முன்ஜாமீன் பொதுவாக வழக்கு விசாரணை முடியும்வரை நிற்கும். 2020-ல் சுசீலா அகர்வால் தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. அதற்காக அண்ணன் நேரே அண்ணிக்குப் போன் செய்யக் கூடாது. "வழக்கை வாபஸ் வாங்கு" என்று ராத்திரி அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி, முன்ஜாமீனை ரத்து செய்யக் கேட்கும் மனுவில் முதல் இணைப்பாக வந்து நிற்கும். பேச வேண்டியது இருந்தால் சமரச மையம் வழியாகவோ இரு வழக்கறிஞர்கள் வழியாகவோ பேசட்டும்.