பதிமூன்றும் பதினாறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டை என் சொந்த ஊர். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகளின் நெருங்கிய தோழி ஒரு யூதப் பெண். மூன்று வருடம் முன்பு அவளுடைய பாட் மிட்ஸ்வா விழாவுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தோம். இப்போது அதே பெண்ணுக்கு ‘கன்ஃபர்மேஷன்’ என்று மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. நான் சி.எஸ்.ஐ. சபையில் திடப்படுத்தல் பெற்றவள். அது நம்முடைய சடங்கு அல்லவா, யூதர்களிடம் எப்படிப் போனது? ஒரு முறை விழா எடுத்து முடித்த பிறகு இரண்டாவது எதற்கு? என் மகளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவதே பெரும்பாடாக இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளை அவர்கள் எப்படித்தான் பிடித்து உட்கார வைக்கிறார்கள்? போகும்போது என்ன கொடுப்பது என்றும் சொல்லுங்கள்.

ம., நியூ ஜெர்சி

அன்புள்ள ம.,

உங்கள் சந்தேகம் சரி. அது கடன் வாங்கியதுதான். ஜெர்மனியின் லூத்தரன் சபைகளில் பிள்ளைகள் ஞானோபதேசம் படித்து, சபை முன்னால் கேள்விகளுக்குப் பதில் சொல்லி உறுதிமொழி எடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கிருந்த சீர்திருத்த யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்றை உண்டாக்கினார்கள். 1803ல் டெஸ்ஸாவ் நகரில் நடந்ததையே முதலாவது என்று வழக்கமாகச் சொல்வார்கள். குடியுரிமைக்காக யூதர்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. கணக்கும் ஜெர்மன் மொழியும் மதமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் புதுவகை யூதப் பள்ளிகள் அப்போதுதான் வந்திருந்தன. படிப்பு முடிக்கும் பையனை நிறுத்தி, ஆசிரியர் கேட்க, அவன் பதில் சொல்வான்.

ஆனால் இது இரண்டாவது விழாவாக வரவில்லை. முதலாவதை, அதாவது பையன்களுக்கான பார் மிட்ஸ்வாவை (பெண்ணுக்கு என்றால் பாட் மிட்ஸ்வா), தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரத்தான் வந்தது. யூதச் சட்டப்படி பையனுக்கு 13, பெண்ணுக்கு 12 வயது ஆனால் கட்டளைகள் தாமாகவே வந்து சேரும், விழாவே வேண்டாம். ‘இவனுடைய பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தவருக்கு ஸ்தோத்திரம்’ என்ற பொருளில் அப்பா ஒரு ஜெபம் சொல்வார், அவ்வளவுதான். (பதின்வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தகப்பனும் மனதாரச் சொல்லக்கூடிய ஜெபம்.) பையனைத் தோரா (மோசேயின் ஐந்து புத்தகங்கள்) வாசிக்க அழைப்பதும் விருந்து வைப்பதும் பிற்காலத்தில் சேர்ந்த வழக்கம். புரியாத எபிரேயத்தை ஒரு சிறுவன் உருப்போட்டு ஒப்பிப்பது என்ன ஞானம் என்று சீர்திருத்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அவன் கையில் ஜெர்மன் வினாவிடையைக் கொடுத்து அதை உருப்போடச் சொன்னார்கள்!

ஆச்சார யூதர்களின் மறுப்பு இன்னும் ஆழமானது. யூதத் தாய்க்குப் பிறந்தவன் யூதன்தான். சீனாய் மலையில் முன்னோர் செய்த உடன்படிக்கை அவனையும் கட்டும். இதில் அவன் தனியாக எதை உறுதிப்படுத்த வேண்டும்? இதற்கு நல்ல பதிலாக எனக்குப் படுவது, விழாவை ஷாவுவோட் பண்டிகைக்கு மாற்றியதுதான். அது தோரா கொடுக்கப்பட்ட நாள். ‘செய்வோம், கேட்போம்’ என்று மக்கள் வாயால் ஒப்புக்கொண்டதை நினைக்கும் நாள். அன்று ஜெபாலயத்தில் வாசிப்பது ரூத்தின் கதை. பிறப்பால் அல்ல, தானே முடிவெடுத்து அந்த மக்களோடு சேர்ந்தவள் அவள்.

பெண்கள் விஷயத்தில் இந்தச் சடங்குக்குப் பெரிய மரியாதை சேர வேண்டும். 1810களின் கடைசியிலேயே பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் பெண்பிள்ளைகள் கன்ஃபர்மேஷனில் நின்றுவிட்டார்கள். அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வா என்று பொதுவாகச் சொல்லப்படுவது நடந்ததோ 1922 மார்ச் 18ல், நியூயார்க்கில். மொர்தெகாய் கப்லான் என்ற ரபி (யூத மதகுரு) தன் 12 வயது மகள் ஜூடித்தை முன்னால் வந்து வாசிக்க வைத்தார். அப்போதும் தோராச் சுருளில் இருந்து வாசிக்கவிடவில்லை, அச்சிட்ட புத்தகம்தான் கையில். அது பரவலாக மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆக, நூறு வருடத்துக்கு மேல் ஒரு யூதப் பெண் தன் சபையின் முன்னால் எழுந்து நின்று பேச முடிந்த விழா என்றால் பெரும்பாலும் கன்ஃபர்மேஷன்தான். உங்கள் மகளின் தோழிக்கு இரண்டும் கிடைத்திருக்கின்றன. அவள் பாட்டிக்கு எது கிடைத்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

அமெரிக்காவுக்கு இதை 1846ல் நியூயார்க்கில் மாக்ஸ் லிலியன்தால் என்ற ரபி கொண்டுவந்தார். அப்புறம் பல சீர்திருத்த சபைகளில் பார் மிட்ஸ்வா ஏறக்குறைய மறைந்தே போனது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த குடும்பங்கள் விடவில்லை. தாத்தா செய்ததைப் பேரனும் செய்தாக வேண்டும் என்றார்கள். பார் மிட்ஸ்வா திரும்பி வந்தது, கன்ஃபர்மேஷனும் போகவில்லை. இரண்டு அழைப்பிதழ் வருவதன் கதை இதுதான்.

பிடித்து உட்கார வைப்பது பற்றிக் கேட்டீர்கள். அவர்களாலும் முடியவில்லை! ரபிகளே சொல்லும் பழைய ஜோக் ஒன்று உண்டு. ஒரு ஜெபாலயத்தில் எலித்தொல்லை. பொறி, விஷம், பூனை எதற்கும் போகவில்லை. ‘நான் எல்லாவற்றுக்கும் பார் மிட்ஸ்வா செய்து வைத்தேன், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை’ என்றாராம் பக்கத்து ஊர் ரபி. பதிமூன்றோடு ஓடிவிடும் பிள்ளைகளை இன்னும் மூன்று வருடம் நிறுத்தி வைக்கும் வேலைதான் இன்று கன்ஃபர்மேஷனுக்கு. முழுநேர யூதப் பள்ளிகளில் படிக்கும் ஆச்சாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தேவையே இல்லை.

தங்குகிறவர்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். வாரம் ஒரு மாலை வகுப்பு. பல இடங்களில் ரபியே நடத்துவார். கடவுள் உண்டா, ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூதப் படுகொலை) நடந்தபோது அவர் எங்கே இருந்தார், இஸ்ரேல் செய்வதெல்லாம் சரியா, வேறு மதத்தவரைக் காதலிக்கலாமா என்று பேச்சு போகும். சில சபைகள் சீர்திருத்த இயக்கத்தின் சமூகநீதி மையம் நடத்தும் முகாமுக்காக வாஷிங்டனுக்கு அழைத்துப் போகும். பிள்ளைகள் ஒரு பிரச்சினையை எடுத்துப் படித்து, தங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கே போய் வாதாடிவிட்டு வருவார்கள். விழாவன்று பல பிள்ளைகள் தாங்களே எழுதியதை வாசிப்பார்கள். ‘எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை’ என்று வாசிக்கிற பிள்ளையும் உண்டு, அதற்காக யாரும் இறக்கிவிடுவதில்லை. வினாவிடை ஒப்பித்த விழா இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததை நான் வளர்ச்சி என்றுதான் சொல்வேன். கூட்டம் குறைவு என்பதைப் பெரிய குறையாகவும் நினைக்கவில்லை. உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வந்த பிறகு ஞாயிறு பள்ளியில் அவள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நான் பொறுப்பில்லை.

கொடுப்பதற்கு ஒரு நல்ல புத்தகம் போதும். பணம் என்றால் 18, 36, 54 என்று பதினெட்டின் மடங்காக வைத்தால் சந்தோஷப்படுவார்கள், நாம் 101 வைப்பதைப் போல. பண்டிகை நாளில் ஜெபாலயத்தில் வைத்து நீட்டாமல் முன்கூட்டியே வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஷாவுவோட் பால் பண்டங்கள் சாப்பிடும் பண்டிகை என்பதால் போன முறை மாதிரி விருந்தை எதிர்பார்க்காதீர்கள், சீஸ்கேக் மட்டும் நிச்சயம் இருக்கும்.