பைக் தொலைந்தால் பாஸிவ்

கேள்வி: என் மகனின் ஆங்கில வேலை விண்ணப்பத்தில் பாஸிவ் வாய்ஸ் வந்தாலே கம்ப்யூட்டர் அடிக்கோடு போடுகிறது. அது அவ்வளவு தப்பா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பாஸிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டுவினை, தப்பே இல்லை அம்மா. முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன். பைக் திருடு போனால் 'மை பைக் வாஸ் ஸ்டோலன்' என்பதுதான் இயல்பு. திருடன் யாரென்று தெரிந்தால்தானே அவனை எழுவாயாக்க? 'ஐ வாஸ் பார்ன் இன் கரூர்' என்பதும் செயப்பாட்டுவினைதான்.

ஆனால் விண்ணப்பத்தில் கம்ப்யூட்டர் பக்கம் நியாயம் உண்டு. 'அக்கவுண்ட்ஸ் வேர் செக்ட்' என்றால் கணக்கைச் சரிபார்த்தது உங்கள் மகனா, மேனேஜரா? 'ஐ செக்ட் தி அக்கவுண்ட்ஸ்' என்று எழுதச் சொல்லுங்கள். ஆளை மறைக்க அரசியல்வாதிகளுக்குப் பிடித்த வினை இது. 1987-இல் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா விவகாரம் பற்றிப் பேசிய அமெரிக்க அதிபர் ரீகன், 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். செய்தது யார் என்பது வாக்கியத்தில் இல்லை!

அப்புறம், என்னை உறுத்துவது வேறு: 'ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்'. 'ஹேப்பன்' செயப்படுபொருள் குன்றிய வினை, 'எதை' என்று கேட்க இடமில்லாதது. அதற்குப் பாஸிவ் எங்கிருந்து வரும்? 'வாஸ்' வேண்டாம், 'ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்', அவ்வளவுதான். என் சிவப்புப் பேனா மையில் பாதி இதற்கே போனது.