கீயர் மாட்டினால் மட்டும் டிஎஸ்-520 ஊமையாவது ஏன்

உங்கள் டிஎஸ்-520 அமெச்சூர் ரேடியோவுக்கும், மோர்ஸ் புள்ளி-கோடுகளைத் தானே உருவாக்கும் கீயருக்கும் இடையில் ஒரு சின்ன ரீட் ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) போடுங்கள், சரியாகிவிடும். கைக் கீயில் ஒழுங்காக அடிக்கிறது, புது எலக்ட்ரானிக் கீயரில் மட்டும் அடிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் ரேடியோவில் கோளாறு இருக்காது.

டிரான்சிஸ்டர்களோடு கடைசிக் கட்டங்களில் வால்வும் உள்ள இந்த ரேடியோவின் கீ முனையில் நிற்பது எதிர்மின்னழுத்தம். இன்றைய கீயர்கள் பலவற்றின் டிரான்சிஸ்டர், நேர்மின்னழுத்தத்தை மட்டுமே தரையிறக்கும். ரிலேயின் தொடுமுனைக்கோ அந்தப் பேதம் இல்லை.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ரேடியோவின் சேசிஸிலும் (உலோகச் சட்டம்) சிவப்பை கீ ஜாக்கின் நடு முனையிலும் வையுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

சிங்கப்பூர் சிம் லிம் டவர் பக்கம் போனால் ரிலே கிடைக்கும். ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு கட்டாயம், இல்லாவிட்டால் கீயர் போய்விடும். வேகமாக அடிப்பவருக்கு ரிலேயின் டிக் டிக் சத்தம் எரிச்சலாக இருக்கும். அப்போது, அசையும் பாகமே இல்லாமல் ஒளியால் இயங்கும் ஆப்டிகல் மாஸ்ஃபெட் ரிலே போடுங்கள்.

அப்புறம், மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும்.