அக்கா பதில்கள்: சாட்சி சொல்ல அவசரம் வேண்டாம்

கேள்வி: அக்கா, எங்கள் சபை வாலிபர் குழுவில் பத்து பேர் இருக்கிறோம். ஆள் கடத்தலுக்கு எதிராக ஊழியம் செய்யப் பாரம் வந்திருக்கிறது. மீட்கப்பட்ட ஒரு சகோதரி அறிமுகமானார். உபவாசக் கூட்டத்தில் அவரைச் சாட்சி சொல்ல வைக்கலாமா? அப்புறம், மாட்டிக்கொண்டிருக்கும் பெண்களை நாங்களே போய் மீட்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் பாரம் உண்மையானது என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் இரண்டுக்கும் என் பதில், வேண்டாம்.

சபையில் சாட்சி என்றால், தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததை எல்லோர் முன்னும் சொல்வது; நீதிமன்றத்தில் அதற்கு வேறு அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் நான்தான். ஊழியத்துக்கு வந்த புதிதில், மீட்கப்பட்டுக் காப்பகத்திலிருந்த ஒருத்தியை மேடையேற்றினேன். அழுதுகொண்டே பேசினாள். யாரோ அதை செல்போனில் பதிவு செய்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது, எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பதிவிலிருந்துதான் ஆரம்பித்தார். "மேடையில் மூன்று பேர் என்றாய், இங்கே இரண்டு பேர் என்கிறாய். எது பொய்?" பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை, தம்பி. அப்படிப்பட்ட பயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவு வரிசையாக வராது. அது எனக்கு அன்று தெரியவில்லை.

இறந்துபோன யவீருவின் மகளை இயேசு 'தலீத்தாகூமி', அதாவது 'சிறுபெண்ணே, எழுந்திரு' என்று எழுப்பியதை நாம் பிரசங்கிக்கிறோம். ஆள் கடத்தலை எதிர்த்துத் துறவறச் சகோதரிகள் 2009-ல் தொடங்கிய உலகளாவிய வலையமைப்புக்குக்கூட அந்தப் பெயர்தான். ஆனால் இயேசு அவளை எழுப்பியதோடு நிறுத்தவில்லை. இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்றார், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். நம் வேலை அந்த இரண்டும்தான்.

மீட்பு போலீசின் வேலை. நீங்கள் போய்க் கதவைத் தட்டினால், உள்ளே இருக்கும் மற்ற பெண்களை அன்றிரவே வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் தேதி, நேரம், வண்டி எண்ணைக் குறித்து, புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். பத்து பேர் இருக்கிறீர்கள் அல்லவா? வாய்தா அன்று அந்தச் சகோதரியோடு போய் நாள் முழுக்கக் காத்திருக்க முறை போட்டுக்கொள்ளுங்கள். அதற்குத்தான் எப்போதும் ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் காப்பகத்தில் வருகிறவருக்கு முதலில் கொடுப்பது அறைச் சாவி. உள்பக்கம் பூட்டிக்கொள்ளலாம் என்று காட்டுவோம். ஒரு பெண் முதல் இரவில் பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். வராந்தாவில் உட்கார்ந்து பதினோரு முறை எண்ணினேன். காலையில் வெளியே வந்து, "பாத்ரூம் போகலாமா?" என்று அனுமதி கேட்டாள். ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேள்வி: என்ன வேலை என்று தெரிந்து, சம்மதித்துத்தான் போனாள் என்கிறார்கள். அப்படியிருக்க அது கடத்தலா?
– ஒரு வாசகி

பதில்: ஆமாம், பல சமயம் கடத்தல்தான். 2000-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பலேர்மோ உடன்படிக்கை, சுரண்டும் நோக்கத்தோடு ஏமாற்றியோ, மிரட்டியோ, ஒருவரது இயலாத நிலையைப் பயன்படுத்தியோ கொண்டுபோயிருந்தால் சம்மதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. 18 வயதுக்குள் இருந்தால் ஏமாற்று, மிரட்டல் எதையும் நிரூபிக்கவே வேண்டியதில்லை. சரி என்று சொன்னவளிடம், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், கடன் ஏறும் என்றெல்லாம் யாராவது சொன்னார்களா? யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றவர்கள் அந்நியர்கள் இல்லை, கூடப்பிறந்தவர்கள். எங்களிடம் வந்தவர்களிலும் பலரை அனுப்பியது தெரிந்தவர்கள்தான்.

கேள்வி: காப்பகத்துக்கு வருகிறவர்கள் ஜெபத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்று விதி வைக்கலாமா?
– ஒரு சபை மூப்பர்

பதில்: ஐயா, கூடாது. படுக்கைக்கு விலையாக ஜெபத்தை வைத்தால், இன்னொரு எஜமானைத்தான் அவளுக்குக் காட்டுகிறோம். சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட ஜோசபின் பக்கீத்தா, 1889-ல் இத்தாலியில் எஜமானியோடு திரும்பிப் போக மாட்டேன் என்று உறுதியாக நின்றார். அவர் அடிமையல்ல என்று நீதிமன்றம் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றது அதற்குப் பிறகுதான், 1890-ல். முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு முதலில் கிடைத்தது, ஐயா.

அவர் இறந்த பிப்ரவரி 8-ஆம் தேதியைக் கத்தோலிக்க சபை ஆள் கடத்தலுக்கு எதிரான ஜெப நாளாக வைத்திருக்கிறது. அன்று நீங்களும் ஜெபக் கூட்டம் வையுங்கள். காப்பகத்தில் இருப்பவர்களை அழையுங்கள். வராதவர்களிடம் ஏன் என்று கேட்காதீர்கள்.