பொது விடுமுறையை எந்தச் சட்டம் தீர்மானிக்கிறது? தனியார் நிறுவனம் அன்றைக்கு வேலை வாங்கலாமா?

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்குப் போய் மிட்டாயோடு திரும்பும் என் மகள், மறுநாள் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது என்னை முறைப்பாள். "உங்களுக்கு மட்டும் எப்படியப்பா இரண்டு நாள்?"

அவளுக்குச் சொன்ன பதிலிலிருந்தே தொடங்குகிறேன். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று அங்குள்ள கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. சட்டப்படி இணைந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-இல்தான். அதனால் புதுச்சேரியில் நவம்பர் 1-உம் விடுமுறை, ஆகஸ்ட் 16-உம் விடுமுறை. முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் எல்லைக்குள் வந்துவிட்டால் இரண்டும் சாதாரண வேலை நாட்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பில் விடுமுறைப் பட்டியல் எதுவும் கிடையாது. பொது விடுமுறை என்று நாம் சொல்வது பிறப்பது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில். காசோலை, புரோநோட்டு பற்றிய சட்டம் அது! அதன் 25-ஆவது பிரிவு, தவணை முடியும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளே கெடு என்கிறது. பொது விடுமுறை எது என்ற கேள்விக்கு, ஞாயிற்றுக்கிழமைகளும் மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் மற்ற நாட்களும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே பதில் சொல்கிறது. அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய உள்துறை 1957-இல் மாநிலங்களுக்குக் கொடுத்தது. ஆக, வெள்ளைக்காரன் கடன்காரனுக்குக் கெடு குறித்த பிரிவை வைத்துத்தான் நாம் பொங்கலுக்கு வங்கியைப் பூட்டுகிறோம்.

பொங்கல் என்றதும் ஒன்று. டெல்லிக்கு வெளியே உள்ள மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டாய விடுமுறைகள் 14. அவற்றில் பொங்கல் இல்லை. விருப்பப் பட்டியலில் உள்ள 12 நாட்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பொங்கல் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

ஆருத்ரா தரிசனத்துக்குக் கடலூர் மாவட்ட ஆட்சியர் விடுகிறாரே, அந்த உள்ளூர் விடுமுறை வேறு வகை. செய்திக் குறிப்பின் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள்: இது செலாவணி முறிச் சட்டத்தின்படி வரும் விடுமுறை அல்ல, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று இருக்கும். வங்கிகள் திறந்திருக்கும். பள்ளிக்கு லீவு என்றால் வங்கிக்கும் லீவு என்று நினைத்துக் காசோலைக்குப் பணம் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதெல்லாம் நேரடியாக உதவாது. தனியார் ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது: 1958-இன் தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் பண்டிகைகளுக்கென ஐந்து நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். வேலை வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வாங்குவதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறை தர வேண்டும்.

இது எனக்குத் தெரியவந்தது தாமதமாகத்தான். இளவயதில் கடலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கணக்கெழுதினேன். காந்தி ஜெயந்தி அன்று முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்வழியாக வரச் சொன்னார்கள். மதியம் ஆளுக்கொரு தக்காளிசாதப் பொட்டலம். அதுதான் இரட்டைச் சம்பளம் என்று நாங்களும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினோம். சம்பளப் பட்டியல் எழுதியவனே நான்தான் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

விடுமுறை என்பது அடிப்படை உரிமையா என்றால், இல்லை. தாத்ரா நகர் ஹவேலி போர்ச்சுக்கீசியரிடமிருந்து விடுபட்ட ஆகஸ்ட் 2-ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் வழக்குப் போட்டார். பொது விடுமுறை கேட்க யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது. நம் இரண்டு நாட்களும் ஓர் அறிவிக்கையை நம்பித்தான் நிற்கின்றன.

வாக்குப்பதிவு நாள் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ வாக்களிக்கும் ஊழியருக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு சொல்கிறது. 2024-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு என்பதால் எனக்குச் சிக்கல் வரவில்லை. மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய்.